மண் அள்ளும் கணக்கும் மஸ்கட் பயணமும்

மகனே, இதைப் படித்துப் புரிந்துகொள்ளும் வயது உனக்கு வர இன்னும் இருபது வருடமாவது ஆகும். அதுவரை காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லாததால் இப்போதே எழுதிவிடுகிறேன். பொதுவாக அப்பாக்கள் தலை நரைத்தபின், மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபின், சாவகாசமாக உட்கார்ந்து எழுதும் கடிதம் இது. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. நீ இன்னும் நிற்கப் பழகவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறாய், கையை விடுகிறாய், பொத்தென்று உட்காருகிறாய், பிறகு நான்தான் தள்ளிவிட்டதுபோல என்னை முறைக்கிறாய். உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. ஆனால் வரும் வியாழக்கிழமை நான் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போவதாக இருக்கிறது. போனால் இரண்டு வருடம். நீ முதலில் நடப்பதும் பேசுவதும் எனக்குப் போனில் வரும் செய்தியாகத்தான் இருக்கும். ஏன் போனாய் என்று பிற்பாடு ஒரு நாள் கேட்பாய். அதற்குள் நான் அழகாக ஒரு காரணத்தைத் தயார் செய்து வைத்திருப்பேன். அது தயாராவதற்கு முன்பே, குழப்பம் குழப்பமாகவே இருக்கும்போது, எழுதிவைப்பது நல்லது என்று பட்டது.

நான் படித்தது சிவில் இன்ஜினியரிங். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் சிவிலைத் தலைமுழுகிவிட்டுக் கேளம்பாக்கம் சாலையில் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் போய்விட்டார்கள். நான் அங்கேயும் போகவில்லை, இங்கேயும் இருக்கவில்லை. என் நண்பன் சேவியரும் நானும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் அறை எடுத்து ஒரு சாஃப்ட்வேர் எழுத ஆரம்பித்தோம். நீ பிறப்பதற்கு முன்பு ஆரம்பித்தது. கட்டடம் எழும்புவதற்கு முன்னால் நடக்கும் மண் வேலையைத் திட்டமிடும் சாஃப்ட்வேர் அது. ஓர் இடத்தில் மேடு இருக்கும், பக்கத்தில் பள்ளம் இருக்கும். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். மண் அள்ள எத்தனை பொக்லைன் இயந்திரம் வேண்டும், அதைச் சுமந்துபோக எத்தனை டிப்பர் லாரி வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும், எப்போது முடியும் என்று அது சொல்லும். ஊரெல்லாம் நாலு வழிச் சாலையும் தொழிற்சாலையும் வந்துகொண்டிருக்கும்போது இதை எல்லோரும் ஓடிவந்து வாங்குவார்கள் என்று நினைத்தோம்.

இதில் ஒரு விஷயத்தை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. பழைய முறையில் மண் வேலைக் கணக்கு ஒரே நீளக் கணக்கு. மொத்த மண்ணை ஒரு லோடால் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை லோடு என்பதால் வகுத்துத் தேதி சொல்வார்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனி ஆளாகப் படைத்தோம். எங்கள் தொழிலில் இதற்கு ஆப்ஜெக்ட் என்று பெயர். ஒரு டிப்பருக்குத் தன் கொள்ளளவு தெரியும், லோடோடு போகும் வேகம் தெரியும், காலியாகத் திரும்பும் வேகம் தெரியும். கிளம்பு என்று செய்தி அனுப்பினால் கிளம்பும். எப்படிக் கிளம்பினாய் என்று வெளியில் இருப்பவன் கேட்கக் கூடாது, அது அதன் சொந்த விஷயம். மண்ணையும் ஓர் ஆப்ஜெக்டாக்கினோம். தரைக்குள் இருக்கும்போது ஓர் அளவு, வெட்டி அள்ளினால் உப்பிப் பெருகும், கொட்டி ரோலர் ஓட்டினால் சுருங்கும். அந்தக் கணக்கையெல்லாம் மண்ணே தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். செம்மண்ணும் களிமண்ணும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை, குணம் மட்டும் வேறு. இதை உன் அம்மாவுக்கு ஒரு நாள் உற்சாகமாக விளக்கினேன். அவள் பள்ளிக்கூட டீச்சர். பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய சொல்லக் கூடாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். அதானே?"

"ஆமா."

"நல்லா இருக்குப்பா. உன்ன மாதிரியே எழுதியிருக்க."

ஆனால் அது ஓடும்போது பார்க்க வேண்டும். திரையில் சின்னச் சின்ன மஞ்சள் கட்டங்கள் கிளம்பிப் போகும், கொட்டும், திரும்பும். மேடு கரைந்து பள்ளம் ஏறும். யாரும் யாருக்கும் உத்தரவு போடாமல், ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்வதாலேயே மொத்த வேலையும் நடந்துவிடும். கரண்ட் போய் யுபிஎஸ் கத்தும்வரை சேவியரும் நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்போம். வாங்கத்தான் ஆள் இல்லை. கான்ட்ராக்டர்கள் தங்கள் சூப்பர்வைசர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவான் என்று எங்களை அனுப்பிவிடுவார்கள். இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் கல்லூரி சீனியர் ஒருவர் மஸ்கட்டிலிருந்து அழைத்தார். பாலைவனத்தில் பெரிய சாலை வேலை, திட்டமிட ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. அதே சமயத்தில் படப்பையைச் சேர்ந்த தணிகாசலம் என்ற கான்ட்ராக்டர் எங்கள் திரையைப் பார்த்துவிட்டு முதல் முறையாகத் தலையை ஆட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும் வழியில், செம்பாக்கம் ஏரித் திருப்பத்தில் பைக்கை நிறுத்தி உன் அம்மாவிடம் கேட்டேன்.

"தணிகாசலம் வாங்கினா இங்கயே இருக்கேன். வாங்கலன்னா மஸ்கட். சரியா?"

"எதுக்கு எல்லாத்தையும் இதுவா அதுவான்னே கேக்கற?"

"பதில் சொல்லு."

நீ அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் உன் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டு, "சரி, வண்டிய எடு, வெயில் அடிக்குது," என்றாள். அது சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் எடுத்துக்கொள்வேன் நான்.

தணிகாசலம் படப்பை தாண்டி ஒரு தொழிற்சாலைக்காக நிலத்தைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துக்கொடுக்க வேண்டும். முடிப்பார் என்று அந்தக் கம்பெனிக்கு நம்பிக்கை வந்தால் பக்கத்து நிலத்து வேலையும் அவருக்கே. "மழைக்கு முன்னாடி முடியும்னு கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்கன்னு ஒரு பேப்பர் நீட்டணும் தம்பி. அது வந்துட்டா உங்க சாஃப்ட்வேர வாங்கிக்கறேன், உங்க ரெண்டு பேரையும் சைட்டுக்கே வெச்சுக்கறேன்," என்றார். அவர் இடத்து அளவுகளைப் போட்டு ஓட்டினோம். ஒரு பொக்லைன், ஏழு டிப்பர். மழைக்கு வெகுநாள் முன்பே முடிகிறது என்று வந்தது, அதைப் போனில் அவரிடம் சொல்லியும்விட்டோம். சேவியர் அன்றைக்கு மருந்துக்கடைக்காரருக்குக்கூட டீ வாங்கிக் கொடுத்தான். நான் இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நிஜ வண்டிகள் எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்று ஒரு முறை சரிபார்த்துவிடலாம் என்று முடிச்சூர் வழியாகப் படப்பைக்கு பைக்கை விட்டேன்.

போய்ப் பார்த்தால் பொக்லைன் கையைத் தரையில் ஊன்றி, சும்மா நிற்கிறது. அதன் எதிரிலேயே நாலு டிப்பர் காலியாக நிற்கிறது. யாரும் லோடு ஏற்றவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. முன்னால் நின்ற புது டிப்பரின் டிரைவர் மூர்த்தியை எனக்குக் கொஞ்சம் பழக்கம். அவனிடம் போனேன்.

"ஏன் மூர்த்தி ஏத்தாம நிக்கிறீங்க?"

"நம்ம நம்பர் வர்ல சார்."

"என்ன நம்பர்?"

"நான் ஏழு. மூணே இன்னும் வர்ல. மணிமங்கலம் கூட்ரோடாண்ட பஞ்சர் போட்டுகினு கீறான்."

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். அந்த ஏழு டிப்பரும் அவற்றை ஓட்டும் ஏழு பேருக்கே சொந்தம். ஒவ்வொரு நடைக்கும் கூலி. யாரும் யாரையும் முந்தி அதிக நடை அடிக்கக் கூடாது என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு, ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி. காலையில் எந்த வரிசையில் ஏற்றினார்களோ அதே வரிசையில்தான் நாள் முழுக்க ஏற்ற வேண்டும். வேகமாகப் போய் முதலில் திரும்பினாலும் உன் நம்பர் வரும்வரை நிற்க வேண்டும். இதற்கு அவர்கள் சீரியல் என்று பெயர் வைத்திருந்தார்கள். என் புரோகிராமில் முதலில் வந்த வண்டிக்கு முதலில் மண். வேறு எப்படியும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புரோகிராம் எழுதுகிற எவனுக்கும் தோன்றியிருக்காது.

"இது நல்ல முறைன்னு நினைக்கிறீங்களா?" என்று மூர்த்தியைக் கேட்டேன்.

"நல்ல முறையா? சுத்தப் பேஜார் சார். வண்டி புச்சு, மிதிச்சா பறக்கும். இவனுங்க ஓட்டை வண்டிக்குப் பின்னாடி ஊந்துகினு கீறேன்."

"அப்ப ஏத்திட்டுப் போக வேண்டியதுதானே?"

"அது எப்டி சார் போறது?"

"ஏன் முடியாது?"

"அது போ முடியாது சார்," என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகப் போய்விட்டான்.

மாடிக்குத் திரும்பி வந்து மாற்றி எழுதினேன். பெரிய வேலை இல்லை. என் டிப்பருக்குத் தன்னைப் பற்றி எல்லாம் தெரியும், மற்ற ஆறு பேரைப் பற்றி ஒன்றும் தெரியாது; அப்படித்தான் இருக்க வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வரிசையைத் தனியாக ஓர் ஆப்ஜெக்டாக்கி எல்லா டிப்பருக்கும் அதைக் காட்டிவிட்டேன். ஓட்டிப் பார்த்தேன். திரையில் மஞ்சள் கட்டங்கள் படப்பையில் நின்ற மாதிரியே நின்றன. அவ்வளவு தத்ரூபமாக இருந்தது. முடிவுத் தேதி மழைக்கு நடுவில் போய் விழுந்தது. களிமண் அது, ஒரு மழை பிடித்தால் டிப்பர் உள்ளேயே இறங்க முடியாது. அதாவது வேலை மழைக்கு முன் முடியாது. சேவியர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

"மச்சான், பழைய வெர்ஷன் வெச்சிருக்க இல்ல?"

"இருக்கு."

"அதையே காட்டிடலாம்டா."

"அது தப்பு."

"தப்புன்னு நேத்து வரைக்கும் தெரியாதே. ஒரு நாள் லேட்டா தெரிஞ்சதா வெச்சுக்க."

நான் புது வெர்ஷனையே சேமித்துவைத்தேன். இந்த இடத்தில் உன் அப்பா நேர்மையின் பக்கம் நின்றான் என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அந்தச் சீரியல் சரியாகப் பொருந்திவிட்டதில் ஒரு பெருமை இருந்தது. அதை யாருக்காவது காட்ட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அது நேர்மையா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சைட்டில், தகரக் கொட்டகையில், எங்கள் மானிட்டரை மேசைமேல் வைத்து இணைத்தோம். தணிகாசலமும் அவருடைய சூப்பர்வைசரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் இரண்டு மூன்று டிரைவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சொல்லுங்க தம்பி. மழைக்கு முன்னாடி முடியுமா?"

"முடியாது சார்."

சேவியர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

"போன வாரம் முடியும்னீங்க?"

"போன வாரம் தப்பா இருந்துச்சு. இப்பத்தான் சரியா இருக்கு." சீரியலைப் பற்றிச் சொன்னேன். அது ஓடுவதைக் காட்டினேன். அவர் திரையை ரசித்துப் பார்த்தார், உண்மையாகவே ரசித்தார். "அந்த சீரியல மட்டும் எடுத்துட்டு ஓட்டுங்க," என்றார். எடுத்து ஓட்டினேன். முடிந்தது. "இது முடியுதே. இதையே பிரிண்ட் போடுங்க."

"இது நடக்காது சார்."

"நடக்க வைக்கிறது என் வேலை. பசங்கள நான் பாத்துக்கறேன். நீங்க பேப்பர்ல எடுத்துடுங்க."

"உங்களால முடியாது சார். அவங்க உங்க பேச்சக் கேக்க மாட்டாங்க."

சூப்பர்வைசர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். வாசலில் நின்ற டிரைவர்கள் மெல்ல நகர்ந்துவிட்டார்கள். தணிகாசலம் கோபப்படவில்லை. டீயை ஒரு வாய் குடித்தார்.

"என் ஆளுங்க என் பேச்சக் கேப்பாங்களா மாட்டாங்களா, அது இதுல எந்த பட்டன அமுக்கினா தம்பி வருது?"

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"சும்மா கேட்டேன். டீ சாப்ட்டுக் கிளம்புங்க. நல்லா பண்ணியிருக்கீங்க. நமக்கு சரிப்படாது."

திரும்பும்போது, முடிச்சூர் அருகில், பைக்கின் பின்னாலிருந்து சேவியர் கேட்டான்.

"கஷ்டம் சார், முயற்சி பண்ணலாம். இத சொல்ல உனக்கு நாக்கு வளையாதா?"

"அது பொய்."

"அது பொய் இல்லடா. அதுக்குப் பேரு பேச்சு. நான் ஒண்டிக்கட்ட, எனக்கு ஒண்ணும் இல்ல. புள்ளைய வெச்சிருக்கவன் நீ."

வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா உனக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி உன் வாயில், பாதி அவள் புடவையில். "தணிகாசலம் வேணாம்னுட்டார். மஸ்கட்தான்," என்றேன். அவள் ஸ்பூனை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டாள். யார் என்ன சொன்னார்கள், எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்று டீச்சர் மாதிரி வரி வரியாகக் கேட்டாள்.

"அவரால மாத்த முடியாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"புரோகிராம் சொல்லுச்சா?"

"அது எப்படிச் சொல்லும்? சீரியல் இருந்தா என்ன ஆகும், இல்லன்னா என்ன ஆகும்னுதான் சொல்லும்."

"அப்ப முடியாதுன்னு சொன்னது நீ."

அவள் உன் வாயைத் துடைத்தாள். "உனக்குப் போகணும்னு இருந்துச்சு. அதான் கேட்ட உடனே சொல்லிட்ட."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப பொய் சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டேன்.

"பொய் சொல்லச் சொல்லல. நாளைக்குச் சொல்றேன்னு சொல்லியிருக்கலாம். வெளிய வந்து வீட்டுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். நீ அங்க சொல்ற பதில் மஸ்கட்டுக்குச் சொல்ற பதில்னு தெரியும் இல்ல? பாக்கெட்லதான போன் இருந்துச்சு."

மகனே, இதற்குப் பிறகுதான் எனக்கு எதுவும் புரியாமல் போனது. அவள் சொன்னதை மறுக்க உட்கார்ந்தேன், மறுக்க முடியவில்லை. சீனியர் அனுப்பிய படங்கள் என் கம்ப்யூட்டரில் இருந்தன. கண்ணுக்கு எட்டியவரை காய்ந்த மண், வீடு உயரத்துக்கு லாரிகள், எல்லாம் ஒரே கம்பெனியின் வண்டிகள், மாதச் சம்பளக்காரர்கள். அங்கே சீரியல் கிடையாது. மழை கிடையாது. முதலில் வந்தவனுக்கு முதலில் மண். நான் முதலில் எழுதிய புரோகிராம் எழுதியபடியே நடக்கும் இடம் அது. அந்தப் படங்களை நான் அடிக்கடி திறந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்காகத்தான் முடியாது என்று சொன்னேனா? அந்த நேரத்தில் மஸ்கட் என் நினைவில் வரவே இல்லை என்று சத்தியம் செய்வேன். நினைவில் வராமலே ஒருவன் ஒன்றுக்கு ஆசைப்பட முடியுமா? இதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு வெளியில் முடியும், முடியாது என்று மட்டும் பேசுகிறவனாக நான் எப்போது ஆனேன் என்று தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தாலாவது ஒரு தெளிவு இருந்திருக்கும். கொட்டகையில் விட்டுவந்த யுபிஎஸ்ஸை எடுக்க மறுபடி படப்பைக்குப் போனேன். மூர்த்தி என்னைப் பார்த்ததும் வண்டியிலிருந்து இறங்கி வந்தான்.

"இன்னா சார், எங்க சீரியல மொதலாளியாண்ட நீதான் போட்டுக் குடுத்தியா?"

"நான் போட்டுக் கொடுக்கல. எப்படி நடக்குதோ அதைச் சொன்னேன்."

"அத்தான் சார் போட்டுக் குடுக்கறதுன்றது."

தணிகாசலம் டிரைவர்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். மூன்று பேர் சீரியலை விட்டுவிட்டு வந்தவுடன் ஏற்றுகிறார்கள். நாலு பேர் பிடிவாதமாகப் பழைய வரிசையிலேயே நிற்கிறார்கள். ஆகவே அவரால் முடியாது என்று நான் சொன்னது பாதி தப்பு. பாதி சரியும்தான். விட்ட மூன்று பேரில் மூர்த்தி இருப்பான் என்று நினைத்தேன். புது வண்டி அவனுடையது. ஆனால் அவன் நிற்கிற நாலு பேரில் இருந்தான்.

"உங்களுக்குத்தான் அது பேஜார்னு சொன்னீங்களே மூர்த்தி?"

"சொன்னேன். நான் சொல்லுவேன். அவரு யாரு சொல்றதுக்கு?"

இதை எந்த ஆப்ஜெக்டுக்குள் வைப்பது? வேலை மழைக்கு முன் முடியுமா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. மழை வந்தால்தான் தெரியும். அப்போது நான் இங்கே இருக்க மாட்டேன். உனக்கு ஒரே ஓர் அறிவுரை என்று இவ்வளவு நேரம் தேடியதில் கிடைத்தது இவ்வளவுதான். உண்மையைச் சொல்கிறேன் என்று நீ வாயைத் திறக்கும்போது, அந்தச் சமயத்தில் யார் யாரெல்லாம் உன் பதிலுக்குள் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார். பார்த்துவிட்டு அதே உண்மையைச் சொல், பரவாயில்லை. இதுகூடச் சரியான அறிவுரையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மூர்த்தி கதையைச் சொன்னதும் உன் அம்மா சிரித்தாள். தணிகாசலம் விவகாரம் ஆரம்பித்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நான் கேட்டேன். இதுவா அதுவா என்று கேட்கவில்லை.

"போகட்டுமா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"எப்போ?"

"உன் அவசரத்துக்கெல்லாம் சொல்ல முடியாது."

மஸ்கட்டிலிருந்து சீனியர் போன் செய்தார், டிக்கெட் போடட்டுமா என்று. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதையே சொன்னேன். கடைசியில் வியாழக்கிழமைக்குப் போட்டுவிட்டு, வேண்டாமென்றால் புதன்கிழமைக்குள் சொல் என்றார். நான் உன் அம்மாவை எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரிய வாய்ப்பில்லை, நீ அவள் குணத்தோடு பிறந்திருந்தால். அந்த நாட்களில்தான் இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன். இப்போது நீ படிக்கும் ஆரம்பம் வேறு. அப்போது எழுதியது இப்படி இருந்தது: எல்லாம் உன் எதிர்காலத்துக்காகத்தான், உனக்காகத்தான் உன்னைப் பிரிந்து போகிறேன் மகனே. நானும் எல்லா அப்பாக்களையும் போல ஒரு வரி எழுதிவிட்டேன் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

இன்று மதியம் உன் அம்மா துணி மடித்துக்கொண்டே என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். நீ அவள் மடித்து வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டிருந்தாய்.

"இந்த வரிய அடி," என்றாள்.

"ஏன்?"

"அடிப்பா. மஸ்கட் போ. நான் வேணாம்னு சொல்லல. யோசிச்சுப் பாத்துட்டேன். எங்கம்மா வீடு பக்கத்துத் தெரு, ஸ்கூல் இருக்கு, பாத்துக்கலாம். ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம்தான், அதுக்கு மேல கிடையாது. ஆனா இவனுக்காகப் போறேன்னு எழுதி இவன் தலையில ஏத்தி வெக்காத. நாளைக்கு இவன் அத படிச்சுட்டு, நமக்காகத்தான் போனாருன்னு காலம்பூரா உனக்குக் கடன்பட்டவன் மாதிரி நிப்பான். இவனா உன்ன போகச் சொன்னான்? பாரு, இவன் சட்டைய எடுத்து வாயில வெச்சிருக்கான்."

அடித்துவிட்டேன். முதலிலிருந்து வேறு மாதிரி எழுதினேன். ஆகவே மகனே, இதை மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள். நான் உனக்காகப் போகவில்லை. எனக்காகத்தான் போகிறேன். எதற்காக என்பது எனக்கே இன்னும் பிடிபடவில்லை. மண்ணைப் பார்க்கவா, என் புரோகிராம் ஜெயிப்பதைப் பார்க்கவா, இங்கே வாங்கிய அடி மறக்கவா, தெரியவில்லை. உன் அம்மா போ என்றாள், உன்னைக் கேட்க வழியில்லை. திரும்பி வரும்போது உனக்கு என்னை அடையாளம் தெரியாது. யார் இந்த ஆள் என்று அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டால் ஒளிந்துகொள். நீயாக வெளியே வரும்வரை நான் கூப்பிட மாட்டேன்.